இமயமலைக்கு ஐஸ் ஏற்றிய ஞானதுரை அண்ணாச்சி

ஞானதுரை அண்ணாச்சியைப் புளுகர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புளுகுகிறவனுக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். அண்ணாச்சிக்கு அது தெரியுமா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். கதையில் இன்ன இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று நீங்கள் காட்டினால் கோபப்பட மாட்டார். அந்த ஓட்டை வழியாகவே முன்னதைவிடப் பெரிய கதை ஒன்றை உள்ளே ஓட்டிக்கொண்டு வருவார்.

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு ஐஸ் கம்பெனி உண்டு. அண்ணாச்சி அங்கே சூப்பர்வைசர். கடலுக்குப் போகிற படகுகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் ஐஸ் போகும். பகல் முழுக்க அந்தக் குளிரிலேயே நிற்கிறவர் என்பதால், சாயங்காலம் வெளியே வந்ததும் வாய் சூடாகி ஓடத் தொடங்கிவிடும் போலிருக்கிறது. அந்த நேரம் பார்த்து அவரிடம் மாட்டுகிறவர்கள் நாங்கள் மூன்று பேர்.

நான் இசக்கி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஹபீப் பாய்க்கு லாரி ஷெட். லூர்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உப்புக் குடோனுக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் தினமும் சாயங்காலம் ஷட்டில் ஆடுவோம். இரண்டு வருஷத்துக்கு முன் பைக் சறுக்கி விழுந்ததில் லூர்துக்கு வலது காலில் எலும்பு முறிந்து இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கிரேன் ஏணியில் ஏற முடியாமல் கீழே ஆபீசில் வேலை. ஷட்டிலும் ஆடுவதில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எங்களுக்குப் பாயிண்ட் சொல்வார். ஆடி முடித்ததும் நால்வரும் எதிரே இருக்கிற சர்பத் கடை பெஞ்சுக்குப் போய்விடுவோம்.

விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் நாலு குடும்பமும் சேர்ந்து கொடைக்கானல் போவது வழக்கம். ஏரியைச் சுற்றுவோம், பேரிக்காய் வாங்குவோம், குளிருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம், திரும்பி வந்துவிடுவோம். போன மழைக்காலத்தில் வீட்டுப் பெண்கள் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். ஆரம்பித்து வைத்தது அண்ணாச்சியின் மனைவி ரெஜினா மதினி. மதினிக்குத் தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், அதற்கு மேல் ஒரு சொல் வராது. அப்படிப்பட்டவர், ஒரு தடவையாவது நிஜமான பனியைப் பார்க்க வேண்டும், காலில் கட்டை மாட்டிக்கொண்டு அதில் சறுக்க வேண்டும் என்று மற்ற மூன்று பெண்களிடமும் சொல்லியிருக்கிறார். அவர்களும் கூடவே சேர்ந்துகொண்டார்கள்.

ஹபீப் பாய் போனில் தேடி இமாச்சலத்தில் ஒரு மலை ஊரைக் கண்டுபிடித்தார். அதன் பெயரை அவர் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி வாசித்ததால் எனக்குக் கடைசிவரை மனதில் நிற்கவில்லை. தை மாசம் அங்கே மலை முழுக்கப் பனி இருக்குமாம். மேலே போக ரோப் கார். சறுக்கச் சொல்லிக்கொடுக்க ஆள். கட்டை, பூட்ஸ், கம்பளிச் சட்டை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். டெல்லி வரை ரயில், அங்கிருந்து பஸ். ரயிலில் இடம் வேகமாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது, இன்று ராத்திரிக்குள் முடிவு சொல்லுங்கள் என்று ஒரு நாள் சர்பத் கடை பெஞ்சில் பாய் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லூர்து ஒருவர்தான் பிடி கொடுக்கவில்லை. கொடைக்கானலுக்கு என்ன குறைச்சல் என்றார். மார்கழி மாசத்திலேயே நமக்கு மின்விசிறி ஓட வேண்டும், அந்தக் குளிரில் போய் விறைத்துச் சாகவா என்றார். இந்த வயசில் காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு மலையிலிருந்து உருளுவதற்கு யாருக்காவது பைத்தியமா என்றார். கடைசியாக, நம்மில் பனியைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் அவர் கேட்டிருக்கக் கூடாது. அண்ணாச்சி சர்பத் கிளாஸைக் கீழே வைத்தார். நான் பெஞ்சில் வசதியாகச் சாய்ந்துகொண்டேன்.

"நான் ஐஸ் கம்பெனியில சேந்த புதுசு," என்று ஆரம்பித்தார். "நார்வேக்காரன் கப்பல் ஒண்ணு நம்ம ஹார்பர்ல நிக்கி. அதுல குளிர்சாதனம் ரிப்பேர். கேப்டன் ஐஸ் கேட்டு நேரா நம்ம கம்பெனிக்கு வாரான். அப்பம் நான் என்ன செய்யுதேன்? ஒரு ஐஸ் பார் மேல ரெண்டு காலையும் வச்சி நின்னுக்கிட்டு, சாய்ப்புப் பலகை வழியா சர்ருனு லாரிக்குள்ள எறங்குதேன். எனக்கு அது தெனசரி வேல. கேப்டன் தொப்பியக் கழத்திட்டான். எங்க ஊர்ல நாங்க பொறந்ததுலருந்து பனியில சறுக்குதோம், இப்படி ஒருத்தன் எறங்கி நான் பாத்ததில்லன்னு சொல்லி, கப்பல்லருந்து ஒரு சோடி சறுக்குக்கட்டையக் கொண்டாந்து எங்கையில குடுத்துட்டுப் போனான்."

கேப்டன் எந்தப் பாஷையில் இதையெல்லாம் சொன்னான் என்று லூர்து கேட்டார். நார்வே பாஷையில்தான் என்றார் அண்ணாச்சி. ஐஸைப் பற்றிப் பேசினால் தனக்கு எந்தப் பாஷையும் புரிந்துவிடுமாம்.

அந்தக் கட்டைகளை வைத்து அண்ணாச்சி பழகியது உப்பளத்தில். ரோட்டோரம் மலை மலையாக உப்பைக் குவித்து வைத்திருப்பார்களே, அதன் உச்சியில் ஏறி நின்று சறுக்குவாராம். ஹபீப் பாய் அந்த உப்பைத்தான் வருஷக்கணக்காக லாரியில் ஏற்றுகிறார். உப்பு சொரசொரவென்று இருக்கும், அதில் கட்டை எப்படி வழுக்கும் என்று கேட்டார். அண்ணாச்சி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். கட்டைக்கு நல்லெண்ணெய் தடவ வேண்டும், அதிகாலையில் உப்பு லேசாகக் கசிந்திருக்கும்போது இறங்க வேண்டும், இதுகூடத் தெரியாமலா லாரி ஷெட் நடத்துகிறீர் என்றார். முதல் நாள் எண்ணெய் கொஞ்சம் கூடிவிட்டதாம். உப்புக் குவியலிலிருந்து இறங்கியவர் நிற்க முடியாமல் பாத்தியைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, திருச்செந்தூர் பஸ்ஸை முந்திக்கொண்டு போயிருக்கிறார். கண்டக்டர் படியில் தொங்கியபடி டிக்கெட் கேட்டாராம். நான் உன் பஸ்ஸிலேயே இல்லையே என்று சொல்வதற்குள் பஸ் பின்னால் போய்விட்டது. வந்ததே வந்தோம் என்று மணப்பாடு வரை போய், சிலுவைக் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் திரும்பினாராம்.

திரும்பி எப்படி வந்தீர்கள் என்று நான் கேட்டேன். பஸ்ஸில்தான் என்றார். அதே கண்டக்டர், போன டிக்கெட்டையும் சேர்த்துக் கிழித்துவிட்டாராம்.

லூர்து சிரிக்கவில்லை. உப்பில் சறுக்கினால் பனியில் சறுக்கினதாகுமா, இமயமலைக்கு நீங்கள் போனதுண்டா என்று கேட்டார்.

"போனேனாவா? நான் இல்லாட்டி அந்த வருஷம் அங்க பனியே கிடையாதுவே."

ஒரு வருஷம் இமயமலையில் பனி பெய்யாமல் போய்விட்டதாம். நாங்கள் இப்போது போகப் பார்க்கிற அதே ஊர். சறுக்குவதற்கு வெள்ளைக்காரனும் டெல்லிக்காரனும் வந்து குவிந்துவிட்டான், மலை மொட்டையாக நிற்கிறது. ரிசார்ட் மேனேஜருக்குத் தூக்கமில்லை. அப்போது அந்த நார்வே கேப்டன்தான் அவரிடம், தூத்துக்குடியில் ஞானதுரை என்று ஒரு ஆள் இருக்கிறார், அவரைப் பிடி என்று சொல்லியிருக்கிறான். போன் வந்துவிட்டது. மலை அளவுக்கு ஐஸ் வேண்டும்.

"கொல்லத் தெருவுல ஊசி வித்த கதையால்லா இருக்கு," என்றார் லூர்து.

"ஊசி தீந்து போச்சின்னா கொல்லனும் வெளிய வாங்கித்தான ஆவணும்," என்றார் அண்ணாச்சி.

ஐஸை நொறுக்கி லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு கிளம்பினார்களாம். முதல் லாரி மதுரையைத் தாண்டும்போது கடைசி லாரி இங்கே கம்பெனி வாசலில் ஏற்றிக்கொண்டிருந்ததாம். இது ஹபீப் பாயின் தொழில் என்பதால் அவர் விடவில்லை. உமியும் மரத்தூளும் போட்டு மூடினாலும் ஐஸ் மறுநாள் வரை தாங்காது, டெல்லிக்கு அங்கிட்டு எப்படிப் போகும் என்றார். அங்கேதான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள் என்றார் அண்ணாச்சி. ஐஸை மூடி வைத்தால் அதற்குப் புழுக்கம் வரும், புழுக்கத்தில்தான் உருகுகிறது. அவர் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு, வெயில் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் ஓட்டச் சொல்லியிருக்கிறார்.

"நாக்பூர் வரைக்கும் வெயில் எங்கள விடாமத் தொரத்துது. பின்னாலயே வருது. கண்ணாடியில பாத்துக்கிட்டே வாரேன். நாக்பூர் தாண்டினதும் அதுக்கு மூச்சு வாங்கிட்டு. வெயிலுக்கே வேத்துப் போச்சின்னா பாத்துக்கிடுங்க. ரோட்டோரமா உக்காந்துட்டு. எனக்கு மனசு கேக்கல. வண்டிய நிப்பாட்டி ஒரு துண்டு ஐஸ எடுத்து வாயில போட்டுக்கன்னு குடுத்தேன். அன்னைக்குப் பூரா அங்க மேகமூட்டம்."

அப்படியும் கொஞ்சம் ஐஸ் சொட்டத்தான் செய்தது என்று அவரே பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சொட்டுத் தண்ணீரில் வழி நெடுக ரோட்டோர வயல்களில் அந்த வருஷம் மூன்று போகம் விளைந்ததாம். ஒரு ஊரில் இன்றைக்கும் டி.என். 69 என்று நம் ஊர் லாரி நம்பரை எழுதிய ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசிப் பொங்கல் வைக்கிறார்களாம். அந்தச் சாமி எந்த ஊர்ச் சாமி என்று அவர்களுக்கே தெரியாதாம்.

சர்பத் கடைக்காரர் இன்னொரு கிளாஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். லூர்து மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, உங்கள் கம்பெனி ஐஸில் எப்போதும் மீன் வாடை அடிக்குமே, அதிலா வெள்ளைக்காரன் சறுக்கினான் என்று கேட்டார். நாங்கள் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் சர்பத்தை ஒரு மடக்கு குடித்தார். பிறகு, லூர்து, நீர் கெட்டிக்காரர், அதுதான் அங்கே பெரிய சோதனையாகிவிட்டது என்றார்.

ஐஸை மலையில் கொட்டி நிரவிய அன்றைக்குச் சாயங்காலமே பனிச்சிறுத்தை வந்துவிட்டது. ஒன்று இல்லை, குட்டிகளோடு குடும்பம் குடும்பமாக வந்ததாம். சீலா மீன் வாடையைப் பிடித்துக்கொண்டு திபெத்திலிருந்தெல்லாம் நடந்து வந்திருக்கின்றன. வந்தவை ஆளை ஒன்றும் செய்யவில்லை. மலையை நக்க ஆரம்பித்துவிட்டன. மேனேஜர் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சிதான் பதறாமல், அவற்றை வரிசையாக நிறுத்தி, மேலிருந்து கீழாக நக்கச் சொல்லியிருக்கிறார். சிறுத்தை நாக்கு பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதாம். அப்படி ஒரு சறுக்குப் பாதை உலகத்திலேயே கிடையாது என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

கண்ணாடி என்றதும் நான் வாயைத் திறந்தேன். அவ்வளவு பளபளப்பில் வெயில் பட்டால் கண் கூசுமே, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தீர்களா என்று கேட்டேன். சிறுத்தைகளுக்கு முதலில் போட்டுவிட்டேன், மிச்சமிருந்ததை நான் போட்டுக்கொண்டேன் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

குளிர் எப்படி என்று பாய் கேட்டார். அது ஒன்றும் பெரிசில்லை, நம் ஐஸ் கம்பெனியைவிடச் சற்றுத்தான் கூட என்றார் அண்ணாச்சி. அங்கே டீ மாஸ்டர் டீயை ஆற்றுவதற்காக உயரத் தூக்கி ஊற்றினால், அது பாதி வழியிலேயே விறைத்துக் கம்பாக நின்றுவிடுமாம். அதைக் கரும்பு மாதிரி துண்டு போட்டு விற்பான். நம்மாட்கள் ஒரு கணுவை வாங்கிக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் அண்ணாச்சி மலை உச்சியில் சற்று நேரம் அசையாமல் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். கிளம்பலாம் என்று காலைத் தூக்கினால் நிழல் வரமாட்டேன் என்கிறது. பனியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கடப்பாரை வைத்து நெம்பி எடுத்தும் தலைப்பக்கம் கொஞ்சம் அங்கேயே தங்கிவிட்டதாம்.

ஹபீப் பாய் மெல்லக் குனிந்து பெஞ்சுக்குக் கீழே அண்ணாச்சியின் நிழலைப் பார்த்தார். விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்ததால் அது குட்டையாகத்தான் கிடந்தது. சர்பத் கடைக்காரரும் குனிந்து பார்த்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கும்போதுதான் லூர்து பேசினார். அவர் குரல் வழக்கமாக இருப்பது போல இல்லை.

"நான் எதுக்கு அண்ணாச்சி அங்க? நீங்கள்லாம் மேலருந்து சறுக்கிட்டு வருவீய. நான் கீழ நின்னு உங்க செருப்புக்குக் காவல் இருக்கவா?"

லூர்துக்குக் கொடைக்கானல் பிடித்துப்போய்விட்டது என்றுதான் நாங்கள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். அங்கே ஏரியைச் சுற்றக் குதிரை இருக்கிறது, படகில் உட்கார்ந்தே போகலாம், ஒருவரும் நம் நடையைப் பார்ப்பதில்லை. இதெல்லாம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாயிண்ட் சொல்வதையும் நாங்கள் வெகு சீக்கிரம் பழக்கமாக்கிக்கொண்டுவிட்டோம். ஹபீப் பாய் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். கொடைக்கானலே போதும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

அண்ணாச்சி ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாழ்நாளில் யாருக்கும் ஆறுதல் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. மிச்ச சர்பத்தைக் குடித்தார், வாயைத் துடைத்தார்.

"நல்லவேள, காலைப் பத்திப் பேச்செடுத்தீரு," என்றார். "டோலாராமைச் சொல்லாம விட்டுட்டேன் பாருங்க."

டோலாராம் அந்த மலையில் சறுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். கிழவர். வலது காலில் முழங்காலுக்குக் கீழே தேவதாரு மரக்கட்டை. அந்த ஊரில் விழாதவர் என்று சொன்னால் அவர் ஒருவர்தானாம். ஏன் என்று அண்ணாச்சி கேட்டதற்குக் கிழவர் விளக்கியிருக்கிறார். இரண்டு காலும் நன்றாக இருக்கிறவனுக்குத்தான் ஆபத்து. ஒன்று கிழக்கே போகும், மற்றது மேற்கே போகும், இரண்டும் சண்டை போட்டு மனுஷனைக் கவிழ்த்துவிடும். ஒரு கால் சொன்னபடி கேட்காது என்று மற்றக் காலுக்குத் தெரிந்துவிட்டால் அது பொறுப்போடு நடந்துகொள்ளும். அதனால் அவர் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் பாடமே, சேருகிறவர்களின் ஒரு காலை மடக்கிக் கட்டுவதுதானாம்.

"அதுலயும் எலும்புல இரும்பு வச்சவன் வந்தா கிழவர் எழுந்து நின்னு கும்புடுவாரு. ஏன்னா சாதாரணக் காலுக்குப் பனியோட பழக ஒரு வாரம் ஆவும். இரும்புக்குக் குளுரு மொத நிமிசத்துலயே ஏறிரும். பனிக்கு அந்தக் காலு அந்நியமாத் தெரியாது. சொந்தக்காரன் வந்துட்டான்னு வழி விட்டுரும்."

லூர்து தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தோள் லேசாகக் குலுங்கியது. எனக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகுதான் சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

அண்ணாச்சி அதோடு நிறுத்தவில்லை. அந்த வருஷம் ரோப் கார் பாதி வழியில் நின்றுபோனதாம். உள்ளே ஒரு கல்யாணக் கோஷ்டி, மாப்பிள்ளை பெண்ணோடு. கீழே கிடுகிடு பள்ளம், பயங்கரக் காற்று, கூண்டு தொட்டில் மாதிரி ஆடுகிறது. பட்டாளத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். டோலாராம்தான், உயரத்தில் உட்கார்ந்து காற்றோடு பழகிய ஒருவன் வேண்டும், சுமையைப் பூப்போல இறக்கத் தெரிந்த கை வேண்டும் என்றாராம்.

"நான் சொன்னேன், அப்படி ஒருத்தன் எங்க ஊர்ல இருக்கான். கப்பல்லருந்து ஒரு கிளாஸ் பாலைக் கிரேன்ல எடுத்துக் கரையில எறக்குனாம்னா மேல கட்டின ஆடை கலையாது. பேரு லூர்து."

லூர்து நிமிர்ந்தார். இது எப்போது நடந்தது, என்னிடம் யாரும் சொல்லவில்லையே என்று கேட்டார். அன்று சாயங்காலம் முழுக்க அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் கதையை உடைப்பதற்காகக் கேட்டவை. இந்த ஒன்று மட்டும் அப்படியில்லை.

"உமக்குத்தான் போன் போட்டேன். நீரு எடுக்கல. கொடைக்கானல்ல படகு ஓட்டிக்கிட்டு இருந்தீரு."

"பெறகு? அவங்கள எறக்குனது யாரு?"

"யாரும் எறக்கல. இன்னும் தொங்கிக்கிட்டுத்தான் இருக்காவ. உள்ளயே பிள்ள பொறந்து, அதுக்கு மொட்டையும் போட்டாச்சி. நீரு வந்தாத்தான் ஆவும்."

லூர்து சிரித்தார். அடக்காமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் பாயும் அவரைப் பார்த்தபடி இருந்தோம். அப்படி அவர் சிரித்து நாங்கள் வெகு நாளாகக் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ரெஜினா மதினியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. தபால் ஆபீஸ் வேலை முடிந்து, போகிற வழியில் அண்ணாச்சியை ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். லூர்து கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து, ஊன்றி நடக்கிற கம்பைக்கூட எடுக்காமல் நாலு எட்டு வைத்து அவரிடம் போனார். மதினி, நீங்கள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை, உங்கள் வீட்டுக்காரர் தூத்துக்குடியிலிருந்து ஐஸ் கொண்டுபோய் இமயமலையையே மூடினேன் என்கிறார், அவர் அங்கே போனதுண்டா இல்லையா, நீங்களே சொல்லுங்கள் என்றார்.

அண்ணாச்சியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு கலவரம் தெரிந்தது. தரையைப் பார்த்தார். எதிரே குடோன் சுவரைப் பார்த்தார். மதினி அவசரப்படவில்லை. ஸ்டாண்ட் போட்டு வண்டியை நிறுத்தினார், ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டினார், கவுண்டருக்கு வந்தவரிடம் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"போனது உண்மைதான் அண்ணன். ஆனா முழுசா மூடல. உச்சிக்கு வரும்போது ஐஸு காலி. அங்கருந்து எனக்குப் போன் போட்டு, ரெஜினா, மானம் போவப் போவுதுன்னு அழுதாவ. அன்னைக்கு நம்ம வீட்டு ஃப்ரிஜ்ஜுல ஐஸு கட்டிக் கெடந்தது. நான் சுவிட்ச நிப்பாட்டி, ஃப்ரீசர் கதவத் தொறந்து, வடக்கப் பாத்து வச்சேன். மிச்ச மலைக்கு அது போதுமா இருந்தது."

சர்பத் கடைக்காரர் கையிலிருந்த கரண்டியோடு ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"என்ன ஒண்ணு," என்றார் மதினி, "உள்ள ஒரு பாக்கெட் பட்டாணி வச்சிருந்தேன். அதுவும் சேந்து போயிட்டு. இத்தன வருசமா நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன், ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க, போய்த் தேடிப் பாப்போம்னு. இவங்க எங்க கேக்காவ."

அண்ணாச்சி வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். ஒன்றும் வரவில்லை. தன் மனைவியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மதினி அவர் குடித்து வைத்த கிளாஸை நகர்த்திவிட்டு, தனக்கு ஒரு சர்பத், ஐஸ் போடாமல் என்று கடைக்காரரிடம் சொன்னார்.

லூர்து திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வலது காலை நீட்டி முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு ஹபீப் பாயின் சட்டைப் பையிலிருந்து போனை அவரே எடுத்துப் பாயின் கையில் வைத்தார்.

"டெல்லிக்குப் போடும் பாய். எல்லாருக்கும் போடும். எனக்குக் கீழ் பெர்த்து."

பாய் ஒவ்வொரு பெயராகத் தட்டிக்கொண்டே வந்தார். ஞானதுரை, ரெஜினா என்று அவர் சொல்லித் தட்டும்போது லூர்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இவங்க ரெண்டு பேருக்கும் மட்டும் வேற பெட்டியில போடும்."